போருங்களா, கிணறுங்களா?

போன வருடம் உடுமலைப் பக்கம் ஒரு மோட்டார் கடைக்கு இணையதளம் செய்துகொடுத்தேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பண்ணிய சொதப்பலையும் சேர்த்து எழுதப் போவதால் எனக்கும் அதுதான் வசதி.

மோட்டார் கடை என்றதும் காரும் பைக்கும் நினைவுக்கு வந்தால் நீங்கள் கொங்குப் பக்கத்து ஆள் இல்லை. இங்கே மோட்டார் என்றால் தண்ணீர் இறைப்பது. அந்தக் கடையில் அரை ஹெச்பி மோனோபிளாக்கிலிருந்து போருக்குள், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள், இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் வரை இருக்கும். பின்னால் ஒரு நீளமான அறையில் இம்பெல்லர், சீல், புஷ், ஃபுட் வால்வு, கேபிள், ஸ்டார்ட்டர் காயில் என்று கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக அங்கே வேலை பார்க்கிற அண்ணன் அவர். முதலாளி ஐயா அறுபதைத் தாண்டியவர். இணையதளம் கேட்டது அவருடைய மகன்.

முதல் நாள் மகன் தன் போனில் ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தைக் காட்டினார். ஒரு மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, பின்னால் தண்ணீர் தெறிக்கிறது. "இந்த மாதிரி வேணுங்க அக்கா. கூடவே கார்ட்டும் பேமென்ட்டும் வச்சிருங்க." நானும் தலையை ஆட்டிவிட்டு, கடையின் விலைப்பட்டியல் எக்செல்லை வாங்கிக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறினேன். ஒரே வாரத்தில் தளத்தின் வரைபடம் தயார். மேலே 'தயாரிப்புகள்'. அதன் கீழே வீட்டு உபயோகம், விவசாயம், தொழிற்சாலை என்று மூன்று கிளை. ஒவ்வொன்றின் கீழும் கம்பெனிகள், அவற்றின் கீழே மாடல்கள். பார்க்க அழகாக இருந்தது. பிரிண்ட் எடுத்து மேசையில் விரித்து வைத்தேன்.

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "தயாரிப்புகளா? நாம எங்கீங்க அம்மிணி தயாரிக்கிறோம்? வாங்கித்தானுங்க விக்கிறோம்."

மகன் சிரித்துவிட்டார். அத்தோடு விட்டிருந்தால் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பேன். ஆனால் அண்ணன் விரலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். "சரீங்க, ஒரு ஹெச்பி மோட்டாரு எதுல இருக்குது? வீட்டுலயா, வெவசாயத்துலயா?"

"வீட்டு உபயோகத்துல இருக்குங்கண்ணா."

"தோட்டத்துச் சாளைக்கு வாங்கறவன் எங்க போவான்?"

தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீட்டைத்தான் இங்கே சாளை என்பார்கள். கிணறு தோட்டத்துக்கானது, தண்ணீர் வீட்டுத் தொட்டிக்குப் போகிறது, மீதம் மாட்டுத் தாழிக்கு. அது வீடா, விவசாயமா? என்னிடம் பதில் இல்லை. பிரிண்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

தொழிலில் இதற்கு ஒரு பாடம் உண்டு, எனக்குத் தெரியாத பாடமும் இல்லை. ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் ஒரே பக்கப் படமாக வெளியிட்டு, 2002இல் புத்தகமாக விரித்து எழுதியது. ஒரு தளத்தின் பயனர் அனுபவத்தை ஐந்து அடுக்காகப் பிரிக்கிறார். அடியில் வியூகம்: யாருக்காக, எதற்காக. அதன் மேல் எல்லை: என்னென்ன இருக்கும், என்னென்ன இருக்காது. அடுத்தது கட்டமைப்பு: எது எதோடு சேரும், எங்கிருந்து எங்கே போகலாம். பிறகு எலும்புக்கூடு: பக்கத்தில் எது எந்த இடத்தில். கடைசியில் மேல்தோல், அதாவது நிறம், எழுத்து, படம். கீழ் அடுக்கில் எடுத்த முடிவுதான் மேலே உள்ளதைத் தாங்கும். மகன் மேல்தோலைக் காட்டி ஆரம்பித்தார். நான் கீழ் இரண்டு அடுக்கையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதில் ஏறிக்கொண்டேன். அவருக்காவது தெரியாது. எனக்கு என்ன கேடு?

மறு வாரம் மூன்று நாள் கடையிலேயே உட்கார அனுமதி கேட்டேன். வாசலோரம், எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். நோட்டும் பேனாவும். வருகிறவர்கள் எதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கிறார்கள், போனில் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் எழுதினேன்.

முதல் நாள் மதியத்துக்குள்ளேயே ஒன்று பிடிபட்டுவிட்டது. புது மோட்டார் வாங்க வருகிறவர்கள் குறைவு. வந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, டீ குடித்து, சமயத்தில் மறுநாள் மச்சானைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். விடாமல் அடிப்பது போன்தான். பாதிக்கு மேல் மெக்கானிக்குகள். "இந்த சீல் இருக்குதுங்களா?", "அந்த இம்பெல்லர் வந்துருச்சுங்களா?" கிணற்று மேட்டில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்கிற ஆள். இருபது கிலோமீட்டர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த பிறகு இல்லை என்று சொன்னால் என்ன சொல்லித் திட்டுவார் என்பதையும் ஒரு தடவை நேரில் கேட்டேன். மீதிப் பேர் விவசாயிகள். மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்துக்குள் தண்ணீர் கட்டியாக வேண்டும், மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை. அந்த அவசரத்தில் இருப்பவருக்குச் சுற்றுகிற மோட்டார் படம் எதற்கு?

இரண்டாம் நாள் ஐயாவிடம் கேட்டேன், இந்தத் தளத்தால் கடைக்கு என்ன ஆக வேண்டும் என்று. விற்பனை கூடணும் என்பார் என்று நினைத்திருந்தேன்.

"மோட்டார் விக்கிறதுல ஒண்ணும் இல்லீங்க. வித்த மோட்டாரு திரும்பி வரக்கூடாது."

வாடிக்கையாளர் ஆழத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லி வாங்கிப் போகிறார். இறக்கிப் பார்த்தால் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. வண்டி வைத்து, ஆள் வைத்து, குழாயெல்லாம் கழற்றி வெளியே எடுத்துக் கொண்டுவந்து கடை வாசலில் போடுகிறார். அந்தச் செலவு யாருடையது என்று சண்டை. அதில் போன வாடிக்கையாளர் ஒருவரை ஐயா இன்னமும் மறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வியூகம். நோட்டில் இரண்டே வரி எழுதினேன். 'மோட்டார் வாங்க வருகிறவர் சரியான அளவோடு வர வேண்டும். ஸ்பேர் தேடுகிறவருக்கு வண்டியை எடுக்கும் முன்பே பதில் தெரிய வேண்டும்.' இந்த இரண்டுக்கும் உதவாத எதுவும் தளத்தில் இருக்காது என்றேன்.

அதில் முதலில் அடிபட்டது கார்ட், அதாவது தளத்திலேயே பொருளை எடுத்துப் போட்டுப் பணம் கட்டும் வசதி. அளவு பேசாமல் மோட்டாரை விற்றால் ஐயா பயப்படுகிற அதே சண்டையை நாமே இணையத்தில் ஆரம்பித்து வைப்பதாகும். மகனுக்கு முகம் வாடிவிட்டது. அப்புறம் 'எங்கள் நோக்கம்', பண்டிகைப் படத்தொகுப்பு, வாடிக்கையாளர் பாராட்டு எல்லாம் போயின. விலையைப் போடலாமா என்ற விவாதத்தில் மட்டும் நான் தோற்றேன். விலை இல்லாத தளம் பாதித் தளம் என்பது இன்றைக்கும் என் கட்சி. "எதிர்த்த கடைக்காரன் பார்ப்பான்" என்பது ஐயாவின் கட்சி. கடை அவருடையது.

இனி அந்த அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளும் அவர் மோட்டார் விற்பதைக் கவனித்தேன். யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "போருங்களா, கிணறுங்களா?" போர் என்றால் அடுத்தது, "எத்தன இஞ்ச்சு?" பிறகு, "எத்தன அடி ஓட்டியிருக்கீங்க, தண்ணி எத்தனையில நிக்குது?" பிறகு, "சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?" கடைசியில், "தண்ணி எங்க போகோணும்?" இந்த ஐந்து கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் எழுந்து பெட்டியைத் தொடுவார். கம்பெனி பெயரைக் கடைசியில்தான் கேட்பார். வீடா விவசாயமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. நாலரை இஞ்ச் போருக்குள் நாலு இஞ்ச் மோட்டார்தான் போகும். ஆறரை இஞ்ச் போரில் நாலும் இறங்கும், ஆறும் இறங்கும். போரின் மொத்த ஆழத்தை மட்டும் சொன்னால் போதாது. தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து தொட்டி வரைக்கும் எத்தனை அடி தூக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உயரம் கூடக் கூட மோட்டாருக்கு மேலே அடுக்கியிருக்கும் இம்பெல்லர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். அதைத்தான் ஸ்டேஜ் என்கிறார்கள். ஒரே ஹெச்பியில் ஸ்டேஜ் அதிகமென்றால் உயரம் தூக்கும், தண்ணீர் குறைவாக வரும். ஸ்டேஜ் குறைவென்றால் தண்ணீர் கொட்டும், உயரம் ஏறாது. 'விவசாயம்' என்ற என் கிளை இதில் எதையும் சொல்லவில்லை.

இதைக் கேட்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான் நூலக அறிவியல் படித்தவள். அந்த வேலை கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்தவள். எங்களுக்குப் பாடமாக வந்த சீர்காழிக்காரர் சொன்னது இதைத்தானே!

எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தவர். கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனவர், அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்க்கிறார். துளை போட்ட கம்பிகள், சக்கரங்கள், திருகுகள். அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகிறது, கிரேனும் ஆகிறது. புத்தகங்களை வகைப்படுத்துவதும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. அதுவரை இருந்த பெரும்பாலான முறைகளில் அறிவு முழுவதும் ஒரு மரம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதில் முன்கூட்டியே செதுக்கி வைத்த ஒரு கிளை. ரங்கநாதன் முன்கூட்டியே எல்லாக் கிளையையும் எழுதி வைக்கவில்லை. ஒரு புத்தகத்திடம் சில கேள்விகள் கேட்டார்: எதைப் பற்றி, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். பதில்களைக் கோத்தால் அதுதான் முகவரி. கோக்கும் இடத்தில் முக்காற்புள்ளி வைத்ததால் கோலன் பகுப்பு முறை என்று பெயர் வந்தது. 1933இல் சென்னையில் வெளியானது. இன்றைக்கு இணையக் கடையில் இடப்பக்கம் நிறம், அளவு, விலை என்று தட்டித் தட்டிச் சலிக்கிறோமே, அந்த யோசனைக்கு வேர் அங்கே இருக்கிறது. தேர்வுக்காக இதையெல்லாம் மனப்பாடம் செய்து 70 மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ரங்கநாதன் பெயரையே கேள்விப்பட்டிராத ஒருவர் மோட்டார் கடையில் அதைச் செய்துகொண்டிருக்க, நான் எக்செல்லை வைத்து மரம் வளர்த்திருக்கிறேன்.

ஆக, மோட்டார் பகுதிக்குக் கிளைகளே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஐந்து கேள்வி, அண்ணன் கேட்கும் அதே வரிசையில், அவருடைய வார்த்தையிலேயே. எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' என்று ஒரு பதில் உண்டு. தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பது பலருக்கும் தெரியாது. 'தெரியாது' என்று தட்டினால் கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து பார்க்கும் முறையை அண்ணன் நாலு வரியில் சொல்லுவார். கடைசியில் பொருந்தும் மோட்டார்கள் இரண்டோ மூன்றோ வரும். எல்லாப் பதிலும் ஒரே வாட்ஸாப் செய்தியாகக் கடைக்குப் போகும். விற்பனை அதற்கு அப்புறம் வழக்கம்போல டீயோடுதான்.

ஸ்பேர்ஸ் பகுதி இத்தனை சுலபமாக அமையவில்லை. அங்கே கேட்டு வைத்த கேள்வி வரிசை எதுவும் இல்லை, அண்ணனின் தலைக்குள் இருப்பது அறையின் வரைபடம் மட்டும்தான். அதனால் கார்டு அடுக்க வைத்துப் பார்த்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் ஒரு கார்டுக்கு ஒரு பொருள் வீதம் 46 பொருள். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிக் குவிச்சு வைங்க, குவியலுக்கு நீங்களே பேர் சொல்லுங்க." அவ்வளவுதான் விளையாட்டு. தளத்தைச் சோதித்துப் பார்க்க ஐந்து பேரே போதும் என்று 2000இல் எழுதிய பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன், கார்டு அடுக்குவதற்கு 15 பேர் வேண்டும் என்று 2004இல் எழுதினார். எனக்குக் கிடைத்தது ஒன்பது பேர். மெக்கானிக் நாலு, விவசாயி நாலு, பிளம்பர் ஒருவர்.

மெக்கானிக்குகள் அடுக்கியது எதிர்பார்த்த மாதிரியே இருந்தது. முதலில் மோட்டார் வகை, அப்புறம் பாகம். வைண்டிங் கட்டும் ஒருவர் மட்டும் 'நம்ம வேலை', 'அவிங்க வேலை' என்று இரண்டே குவியல் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆறாவதாக வந்தவர் ஒரு அக்கா. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, தென்னந்தோப்பை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். கார்டுகளை எடுத்துக் கீழே வைத்தவர் பேச்சே இல்லாமல் மூன்று குவியல் போட்டார். பேர் கேட்டேன்.

"இது கெணத்துக்குள்ள இருக்கறது. இது மேட்டுல இருக்கறது. இது ரூமுக்குள்ள இருக்கறது."

சீல், இம்பெல்லர், ஃபுட் வால்வு, புஷ், கேபிள் ஜாயின்ட் முதல் குவியலில். குழாய், பெண்டு, கேட் வால்வு, கிளாம்ப் இரண்டாவதில். ஸ்டார்ட்டர், கெபாசிட்டர், ஃபியூஸ், மொபைல் ஸ்டார்ட்டர் மூன்றாவதில். ஒரு கார்டுகூட மிச்சமில்லை. எந்தக் கார்டுக்கும் இரண்டு நிமிடம் யோசிக்கவில்லை. எத்தனையோ பாகங்களின் பெயர் அவருக்குத் தெரியாது, ஆனால் எது எங்கே இருக்கும் என்று தெரியும், ஏனென்றால் மெக்கானிக் வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இப்படி ஒரு பிரிவை நான் பார்த்ததில்லை. அதற்குப் பின் வந்த இரண்டு விவசாயிகளிடம் இந்த மூன்று பெயரையும் நானே கொடுத்து அடுக்கச் சொன்னேன். தடங்கலே இல்லை.

அதன்பின் படம், நிறம் எதுவும் இல்லாமல் வெறும் தலைப்புகளைப் போனில் போட்டுத் தேட வைத்தேன். பழைய எக்செல் மரத்தையும் வைத்தேன், புதியதையும் வைத்தேன். "கிணத்து மோட்டாருக்கு சீல் போயிருச்சு. எங்க தட்டுவீங்க?" பழையதில் 'உதிரி பாகங்கள்' என்று எழுதியிருந்ததை ஐந்தில் மூன்று பேர் கண்டுகொள்ளவே இல்லை, நேராக 'சர்வீஸ்' போய்விட்டார்கள். நல்ல தமிழ்ச் சொல்தான், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் கிணற்று மேட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'ஸ்பேர்ஸ்' என்று மாற்றினேன். 'ஓப்பன்வெல் சப்மெர்சிபிள்' போய் 'கிணத்து மோட்டார்' வந்தது. மெக்கானிக்குகளுக்குத் தனி வழியாகக் கம்பெனி வாரியாகவும் ஒரு பட்டியல் வைத்தேன். ஒரே சீலுக்கு இரண்டு வாசல், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

தேடும் பெட்டிக்கு மட்டும் தனியாக இரண்டு நாள் போனது. மோட்டார், மோட்டர், ஹெச்பி, எச்பி, இஞ்ச், இன்ச் என்று மக்கள் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அத்தனையையும் ஒன்றோடொன்று கட்டி வைக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பயன்பட்டது மிகச் சின்ன விஷயம். பெயர் தெரியாதவர்கள் மோட்டார் மேல் இருக்கும் நேம் பிளேட்டைப் படமெடுத்துக் கடைக்கு வாட்ஸாப்பில் அனுப்புவது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு முகப்பிலேயே ஒரு பட்டன். மகன் அதைக் கட்டை விரல் எட்டும் இடத்தில் கீழே வைக்கச் சொன்னார். நல்ல யோசனை, அப்படியே செய்தேன். சுற்றுகிற மோட்டாரை அதன்பின் அவர் கேட்கவில்லை.

தளம் வந்து நாலைந்து மாதம் கழித்து மகனிடமிருந்து போன். சோலார் மோட்டார் எடுத்திருக்கிறார்களாம், தளத்தில் எங்கே போடுவது? மெனுவில் புதிதாக ஒரு தலைப்பு வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சோலாரும் போருக்கோ கிணற்றுக்கோதானே இறங்கப் போகிறது. நாலாவது கேள்வியில் சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் என்பதற்குக் கீழே சோலார் என்று இன்னொரு பதில், கேள்வியை 'கரண்ட் எதுங்க?' என்று மாற்றினால் போதும். அரை மணி நேர வேலை. உள்ளுக்குள் ரங்கநாதனுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது கடையில் எட்டிப் பார்த்தேன். அண்ணன் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து கேள்வியும் முடிந்தது. பெரியவர் எதற்கோ காத்திருப்பதுபோல உட்கார்ந்தே இருந்தார். 2019இல் சோலார் மோட்டாருக்கு மானியம் தரும் பிஎம் குசும் திட்டம் வந்த பிறகு சோலார் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பம் போடலாமா வேண்டாமா என்ற யோசனையோடுதான் வருகிறார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னார். அவர் மேசை டிராயரைத் திறந்து, என் கார்டுகளில் மிச்சமான ஒன்றை எடுத்தார். முன்பக்கத்தில் யாருடைய கல்யாணமோ. பின்பக்கத்தில் எழுதியிருந்ததை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'6. மானியத்துலயா, சொந்தக் காசுங்களா?'

"இத மொதல்லயே கேட்டுரோணுங்க அம்மிணி. மேல தூக்கி வைங்க."